ராஜாளிக்கு ஒரு சேஸி

ஜூன் 9, திங்கள்

பட்டறையின் பின்பக்க ஷெட் இன்று காலியானது. பழைய பஸ் சீட்டுகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு முதலாளியே சாவியைக் கையில் கொடுத்தார். ஒரு பஸ் நிற்கிற இடம். ஒரு கார் கட்ட தாராளம்.

ராஜாளியைக் கட்டப்போகிறோம், நானும் ஜபரும். காலேஜ் படிக்கிற வயதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு தியேட்டருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பேசியது. அதில் ஹீரோ ஓட்டுகிற வெள்ளி நிறக் கார்தான் ராஜாளி, தரையோடு ஒட்டின மாதிரி தாழ்வாக, மூக்கு நீளமாக, கதவு இரண்டும் இறக்கை போல மேலே தூக்கும். படம் பெரிதாக ஓடவில்லை. கார் மட்டும் எங்கள் இருவர் மண்டையிலும் நின்றுவிட்டது.

கரூரில் பஸ் பாடி கட்டுகிறவனுக்குக் கார் பாடி பெரிய விஷயம் இல்லை. சேஸிதான் பிரச்சினை. இத்தனை வருஷத்தில் ஒரு சேஸிகூட நான் செய்ததில்லை. அது கம்பெனியிலிருந்து வந்து இறங்கும். நீளமாக இரண்டு சட்டம், குறுக்கே பட்டைகள், இன்ஜின், சக்கரம். அதன்மேல் நாங்கள் கூடு கட்டுவோம், தகடு அடிப்போம், பெயிண்ட் அடிப்போம். அடியில் இருப்பது தாங்குமா என்று கேட்கிற வேலை எங்களுக்கு இல்லை.

அதற்காகத்தான் இதில் எழுத ஆரம்பிக்கிறேன். எந்தச் சேஸி என்று முடிவாகிற வரைக்கும் யோசனைகளைக் குறித்து வைக்க.

வீட்டில் சுகந்தியை டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். பி.பி. கொஞ்சம் கூடுதல். ஸ்கூலுக்கு லீவு சொல்லியாகிவிட்டது. ஷெட்டில் பல்பு இரண்டு மாற்ற வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, லேடர். பழைய ஜீப்பின் அடிச்சட்டம். ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். இன்ஜின், கியர், ஆக்ஸில் எல்லாம் அதிலேயே வந்துவிடும். மேலே பாடியை வைத்து போல்ட் போட்டால் முடிந்தது.

இரண்டு, ட்யூப். சின்னச் சின்ன இரும்புக் குழாய்களை முக்கோண முக்கோணமாக வெல்டு பண்ணி ஒரு கூண்டு செய்வது. ரேஸ் கார்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எடை குறைவு. எவ்வளவு தாழ்வாக வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு மூட்டும் நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்று, ஏதாவது பழைய சின்னக் கார் வாங்கி மேல்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தரையை மட்டும் வைத்துக்கொள்வது.

ஜபர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஜவகர் பஜார் தாண்டி கடை வைத்திருக்கிறான். அவனுக்கு லேடர்தான். சீக்கிரம் முடியும் என்கிறான். இருபது வருஷம் சும்மா இருந்துவிட்டு ஏன் இப்போது என்றும் கேட்டான். ஷெட் இப்போதுதானே காலியானது என்றேன். என்னைப் பார்த்தான். பிறகு டீ சொல்லப் போனான்.

ஜூன் 15, ஞாயிறு

சுகந்தி கணக்கு டீச்சர். படுத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. போனில் அந்தப் படத்தைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறாள். ஹீரோ காருக்குப் பக்கத்தில் நிற்கிற காட்சி ஒன்றைப் பிடித்து, அவர் உயரத்தை வைத்து விகிதம் போட்டு, கூரை அவர் இடுப்புக்கு நாலு விரல்தான் மேலே இருக்கிறது என்றாள். ஜீப் சட்டத்தின்மேல் சீட்டு போட்டு ஆளும் உட்கார்ந்தால் நெஞ்சுக்கு வந்துவிடும். ராஜாளி மாதிரி இருக்காது, மினி வேன் மாதிரி இருக்கும்.

அவள் சொல்வது சரி. லேடர் வேண்டாம். ட்யூப்.

மாத்திரை வாங்கப் போனபோது எதிர்வீட்டு அம்மா எத்தனையாவது மாசம் என்று கேட்டார். மழை வருகிற மாதிரி இருக்கிறதே, துணி காய்கிறது என்றேன். ஓடிப் போனார்.

ஜூன் 16, திங்கள்

ட்யூப்தான். முடிவு.

ஜூன் 22, ஞாயிறு

ஈரோடு போனோம். பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னக் கார், முன்பக்கம் நசுங்கினது, தரை நன்றாக இருந்தது. ஜபர் படுத்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு இதுவும் மோசமில்லை என்றான். மேலே வெட்டிவிட்டால் தரை தொய்ந்துவிடும் என்று எனக்குப் பட்டது. அந்த மாதிரி கார்களில் கூரையும் சேர்ந்துதான் பலம். பஸ்ஸிலும் பாதி பலம் கூரையில்தான் இருக்கிறது.

பிறகு ஓரங்களில் கனமான சட்டம் கொடுத்தால் தாங்குமே என்றும் பட்டது. வருகிற வழியெல்லாம் இதுதான் பேச்சு. கொடுமுடி தாண்டும்போது ஜபர் சொன்னான், "மாப்ள, காலையில ட்யூப்னு சொல்லித்தான் கெளம்பினோம்."

வீட்டுக்குப் போகும்போது ஏழு மணி. சுகந்திக்குக் கால் வீங்கியிருக்கிறது. தலையணையை உயர்த்தி வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

லேடர், ட்யூப், தரை மூன்றையும் சாக்பீஸால் ஷெட் தரையில் முழு அளவில் வரைந்தேன். நடந்து நடந்து பார்த்தேன். மத்தியானம் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள்.

ஜூலை 3, வியாழன்

அத்தை அரவக்குறிச்சியிலிருந்து வந்துவிட்டார். சுகந்திக்குத் துணைக்கு. இனி பிரசவம் வரைக்கும் இங்கேதான் என்றார். அவர் வந்தது எனக்கு நல்லது. ஷெட்டில் கூட நேரம் இருக்கலாம்.

வந்ததும் ஒரு சுற்று வீட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்பிள்ளை, தொட்டில் கொக்கி மேல இருந்துதே, எங்கீங்?" என்று கேட்டார். பட்டறையில் பாரம் தூக்குகிற செயின் பிளாக் மாட்ட வேண்டியிருந்தது, கழற்றிக் கொண்டுபோனேன் என்றேன். எப்போது என்றார். போன வருஷம் என்றேன். இல்லை, அதற்கும் முந்தின வருஷம். இரண்டாவது தடவைக்குப் பிறகு.

அத்தை சமையலறைக்குள் போனார்.

ஒரு ட்யூப் மூட்டுக்கு வெல்டிங் எத்தனை கனம் வேண்டும் என்று கோயம்புத்தூர் நண்பன் ஒருவனிடம் கேட்டேன். அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.

ஜூலை 6, ஞாயிறு

ஆடி பிறப்பதற்கு முன்னால் வளைகாப்பு வைத்துவிட வேண்டும் என்று அத்தை. பெரிதாக வேண்டாம், வீட்டோடு, ஏழெட்டுப் பேர். நான் வேண்டாம் என்றேன். டாக்டர் படுத்திருக்கச் சொன்னதைச் சொன்னேன். கட்டிலிலேயே உட்கார வைத்துச் செய்கிறோம், அரை மணி நேரம், டாக்டரிடமும் கேட்டாயிற்று என்றார். எல்லாம் நல்லபடியாக ஆன பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யலாமே என்றேன். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. சுகந்தி உள்ளே இருந்து, "அம்மா, வர்ற வெள்ளிக்கிழமை வை" என்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சேலத்தில் குழாய் நல்லதாகக் கிடைக்கும், இன்று போனால்தான் ஆள் இருப்பார் என்று ஜபர் சொன்னான். உண்மையில் நான்தான் அவனைப் போன் போட்டு விசாரிக்கச் சொன்னது. இன்று வேண்டாம், இன்னொரு நாள் போகலாம் என்றுதான் அவன் சொன்னான். நான் தனியாகப் போனேன்.

குழாய் நன்றாக இருந்தது. தையல் இல்லாத குழாய், உள்ளே துரு இல்லை. இரண்டு அளவில் எடுத்தேன். நாமக்கல்லில் சாப்பிட்டேன்.

வீட்டுக்குள் வரும்போது எல்லோரும் போய்விட்டார்கள். கூடத்தில் சாத வகைகளின் வாசனை இருந்தது. சுகந்தி தலையில் பூவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"எல்லாரும் வெச்சாச்சு. நீங்களும் கொஞ்சம் சந்தனம் வெச்சு விடுங்க" என்றாள்.

கை கிரீஸாக இருக்கிறது என்றேன். கழுவிக்கொண்டு வாங்க என்றாள். பின்பக்கம் போய்க் கழுவினேன். அந்த நேரம் ஜபர் போன் வந்தது, குழாய் எப்படி என்று. பேசிவிட்டு வந்தேன். சுகந்தி தூங்கிவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

ட்யூப் கூண்டின் பக்கவாட்டு உயரம் அதிகம் வருகிறது. உள்ளே ஏற வேண்டுமானால் கதவைத் தூக்கிவிட்டு, காலைத் தூக்கித் தாண்டி வைத்து, இறங்கி உட்கார வேண்டும். எனக்கு முடியும். எல்லோருக்கும் முடியாது.

பக்கவாட்டுக் குழாயைத் தாழ்த்தினால் வளையும்.

மூன்றாவது வழியை மறுபடி யோசிக்கலாமா?

ஜூலை 20, ஞாயிறு

இன்று எழுத விஷயம் இருக்கிறது.

ஜபரின் ஒன்றுவிட்ட அண்ணன் சென்னையில் ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டுகிறார். அவர் மூலமாக அந்தப் படத்தில் செட் வேலை பார்த்த ஒருவரை ஜபர் பிடித்துவிட்டான். தணிகாசலம் என்று பெயர், வளசரவாக்கத்தில் இருக்கிறார், இப்போது வேலைக்குப் போவதில்லை. சுகந்தியும் கேட்கட்டும் என்று அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டான். ராஜாளிக்கு அடியில் என்ன சேஸி போட்டிருந்தார்கள் என்று கேட்டேன்.

"தம்பி, அது காரே இல்ல. அதுக்கு சேஸி கெடையாது" என்றார்.

பிளைவுட்டும் மூங்கிலும் வைத்துக் கட்டி மேலே ஃபைபர் ஒட்டினதாம். சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம், மேலே கார் டயர் மாதிரி மூடி. வேகமாகப் போகிற காட்சிக்கெல்லாம் முன்னால் ஒரு ஜீப், கயிறு கட்டி இழுக்கும், கயிறு தெரியாத மாதிரி கேமராவை வைப்பார்கள். மெதுவாகப் போகிற காட்சிக்கு நாலு பேர் பின்னால் குனிந்து தள்ளுவார்கள், அதில் அவரும் ஒருத்தர். பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே பளபளவென்று தெரியுமே இன்ஜின், அது பெயிண்ட் அடித்த அட்டை. அட்டைக்குக் கீழே வெறும் பள்ளம். மதியச் சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் வெயில் படாமல் அதற்குள்தான் வைப்பார்களாம்.

"ஒரு நாள் சாம்பார் கொட்டிருச்சு. அதோடயே அந்த க்ளைமாக்ஸ் எடுத்தோம்" என்றார்.

சுகந்தி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு அடக்க முடியாமல். வளையல் எல்லாம் குலுங்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திடீரென்று சிரிப்பு நின்று, "அம்மா" என்றாள்.

ஜபர் போனை வைத்துவிட்டான். அவள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, உதைக்குது. அதுக்கும் சிரிப்பு வந்திருச்சாட்ட இருக்கு. கை வெச்சுப் பாருங்க" என்று என் கையை இழுத்தாள்.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனேன்.

ராஜாளி ஓடவே இல்லை. இருபது வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்த வேகம் ஒரு ஜீப்பின் வேகம்.

ஜூலை 23, புதன்

அப்படியானால் அசல் மாதிரியே செய்வது என்றால் எது அசல்? மூங்கிலா?

வேலை ஓடவில்லை. டவுன் பஸ் ஒன்றுக்கு ஜன்னல் கம்பி மாற்றி வைத்துவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, திரும்பக் கழற்றினோம்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் ஷெட்டுக்குக் கிளம்பும்போது சுகந்தி கூப்பிட்டாள். எந்தச் சேஸி என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை, ட்யூபில் ஏறுகிற சிக்கல், லேடரில் உயரச் சிக்கல் என்று சொல்லத் தொடங்கினேன். முழுக்கக் கேட்டாள். அவள் வகுப்பில் பதில் தெரியாத பையனை அப்படித்தான் கேட்பாள் என்று தோன்றியது.

"முடிவு பண்ணிட்டீங்கன்னா வேலை ஆரம்பிச்சிரும். ஆரம்பிச்சா ஒரு நாள் முடிஞ்சிரும். முடிஞ்சா வீட்டுக்கு வரணுமில்லீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அத்தை கஞ்சி கொண்டுவந்தார். கிளம்பிவிட்டேன்.

ட்யூப் கூண்டில் பக்கவாட்டுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய குழாய் போட்டால் தாழ்த்தலாம் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அமராவதி ஓரம் ஒரே கூட்டம், வண்டி போக வழியில்லை. அத்தை வீட்டிலேயே குடத்தில் தண்ணீர் வைத்துக் கும்பிட்டார். சுகந்தி முகம் உப்பியிருக்கிறது. தலை வலிக்கிறது என்றாள். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக வேண்டிய நாள், அப்போது சொல்வோம் என்றேன்.

ட்யூப். இனி மாற்றப்போவதில்லை. நாளைக்கு ஜபரும் கடைக்கு லீவு. முதல் வெட்டு நாளை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதியம் வரைக்கும் எழுதுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஜபர் பெயிண்ட் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். நான் கிரைண்டரில் குழாய் வெட்டிக்கொண்டிருந்தேன். காதில் சத்தத்துக்கு மாட்டுகிற அடைப்பு. போன் சட்டைப் பையில், சட்டை ஆணியில்.

யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஜபர். ஏதோ சொல்கிறான், வாய் அசைகிறது. காதடைப்பைக் கழற்றினேன்.

"அத்தை எத்தனை தடவை கூப்பிடறது உனக்கு? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு. வண்டியில ஏறு."

கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். அத்தை எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, இருவருமாக ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் போவதற்குள் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பி.பி. ஏறிவிட்டது, காத்திருந்தால் தாய்க்கே ஆபத்து, உடனே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். தலையை ஆட்டினேன்.

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் சட்டையெல்லாம் இரும்புத்தூள்.

சாயங்காலம் சொன்னார்கள். பெண். எடை ரொம்பக் குறைவு, மூச்சுக்கு உதவி கொடுத்திருக்கிறோம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது. சுகந்தியும் இன்னும் கண் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சுகந்தி பேசினாள். குரல் வரவில்லை. "பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன் என்றேன்.

பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே பெட்டி பெட்டியாக வரிசை. எது என்று யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

குளித்துவிட்டு வா என்று ஜபர் விரட்டினான். வீட்டுக்குப் போனவன் குளித்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். வெட்டின குழாய்கள் அப்படியே கிடந்தன. எது எங்கே சேர வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தேன். படித்துப் பார்த்தேன். புரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுகந்திக்குக் காய்ச்சல். பி.பி. இறங்கவில்லை. இன்னும் நடக்க விடவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குழந்தைகள் வார்டு சிஸ்டர் அத்தையிடம் கேட்டிருக்கிறார், அப்பா ஊரில் இல்லையா என்று. அத்தை அதைச் சுகந்தியிடம் சொல்லிவிட்டார்.

நான் போனபோது அத்தையை வெளியே இருக்கச் சொன்னாள் சுகந்தி. கையில் ஊசி குத்தி வைத்திருந்த இடம் வீங்கியிருந்தது. வளையல்களை ஆபரேஷனுக்கு முன்னாலேயே கழற்றியிருந்தார்கள்.

"நீங்க இன்னும் பாக்கலை" என்றாள்.



"பாக்காம இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கறீங்களா? மொதல் தடவையும் பாக்கலை. ரெண்டாவது தடவையும் பாக்கலை. போகலையா?"

தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் காலடியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் மறுபடி பேசினாள். இந்த முறை மெதுவாக.

"எனக்கு நடக்க முடிஞ்சா நான் போயிருவேன். அவளுக்கு யாரையும் தெரியாதுங்க. ஒருத்தராவது போய் நிக்கணுமில்ல."

சரி என்றேன். அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் போனேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் என்று ஒருவர். வயது ஐம்பது இருக்கும். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். நகத்துக்குள்ளே இருக்கிற கறுப்பைப் பார்த்துவிட்டு பிரஷ் கொடுத்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அது பட்டறைக் கறுப்பு, முழுக்கப் போகாது. பரவாயில்லை, சுத்தமாக இருந்தால் போதும் என்றார்.

பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். எதற்கு என்றேன். அம்மா வர முடியாத வரைக்கும் நீங்கள்தான் நெஞ்சில் போட்டு வைத்திருக்க வேண்டும், தோலோடு தோல், அந்தச் சூடுதான் மருந்து என்றார். என் நெஞ்சிலும் கையிலும் வெல்டிங் பொறி பட்ட தழும்பு நிறைய. சொரசொரப்பாக இருக்குமே என்றேன். "அவளுக்குக் கண்ணே இன்னும் சரியாத் தெரியாது. உங்க தழும்பையா பாக்கப்போறா?" என்றார்.

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெட்டியைத் திறந்து எடுத்து வந்து நெஞ்சில் படுக்க வைத்து, மேலே துணி சுற்றி, தொப்பி சரிசெய்து, மூக்கில் இருந்த சின்னக் குழாயைத் தோள் பக்கம் ஒதுக்கினார்கள். என் கையை எடுத்து அவள் முதுகில் வைத்தார்கள். கையை முழுக்க வைக்க இடம் போதவில்லை. முதுகை விட என் கை பெரியது.

குழந்தை மூச்சு விடுகிறது. வேகமாக, சின்னதாக. நடுவில் ஒரு முறை நின்ற மாதிரி இருந்தது, நானும் மூச்சை நிறுத்திவிட்டேன். பிறகு மறுபடி விட்டாள்.

ஏதாவது பேசுங்கள், அப்பா குரல் அவளுக்குக் கேட்க வேண்டும் என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். எனக்கு ஒன்றும் வரவில்லை. பாட்டுத் தெரியாது. கண்ணு, தங்கம் என்று கூப்பிட வாய் வரவில்லை. சிஸ்டர் போகாமல் பக்கத்திலேயே நின்றார். கடைசியில் சேஸியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

லேடர் என்று ஒன்று இருக்கிறது, ஏணி மாதிரி இருக்கும், நல்ல பலம், ஆனால் உயரம் என்றேன். ட்யூப் என்று ஒன்று, ரேஸ் கார் மாதிரி, எடை இருக்காது, ஆனால் அம்மாவால் ஏற முடியாது என்றேன். மூன்றாவது ஒன்று ஈரோட்டில் பார்த்தேன் என்றேன். சிஸ்டர் எப்போது போனார் என்று தெரியவில்லை. பிளைவுட்டு, மூங்கில், சாம்பார் கொட்டினது எல்லாம் சொன்னேன். அவள் தலை என் தாடைக்குக் கீழே இருந்தது. நான் பேசும்போது என் நெஞ்சு அதிர்வதை அவள் கன்னத்தில் உணர்ந்திருப்பாள்.

ஒரு மணி நேரம் என்றார்கள். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். ஜபர் டீ வாங்கி வந்தான். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் கப்பை அவனே பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 13, புதன்

தினமும் காலையும் மாலையும் போகிறேன். பக்கத்து நாற்காலியில் கிருஷ்ணராயபுரத்துக்காரர் ஒருவர், முத்துக்கண்ணு, வாழைத்தோப்பு வைத்திருக்கிறார். அவருக்குப் பையன். அவரும் சட்டையில்லாமல், நானும் சட்டையில்லாமல், இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இன்று நான் குழந்தையிடம் லேடரைப் பற்றி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். தாழ்தள பஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கினேன். சக்கரம் இருக்கிற இடத்தில் சட்டம் மேலே, நடுவில் மட்டும் கீழே இறங்கும், வயசானவர்கள் படி ஏறாமல் உள்ளே போவதற்கு. அதே மாதிரி ஜீப் சட்டத்தை நடுவில் வெட்டிக் கீழே இறக்கி, மூட்டில் இரண்டு பக்கமும் கனமான தகடு வைத்து வெல்டு பண்ணினால், சீட்டைச் சட்டத்துக்கு மேலே போடாமல் சட்டத்துக்கு நடுவில் போடலாம். உயரம் குறையும். ஏறுவதும் சுலபம். படத்துக் கார் அளவுக்குத் தாழ்வாக இருக்காது, நெஞ்சுக்கு வராது, இடுப்புக்கு ஒரு சாண் மேலே நிற்கும்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே இது தோன்றியது. அதுவரைக்கும் இந்த யோசனை எனக்கு வந்ததே இல்லை. தாழ்தள பஸ் எத்தனை கட்டியிருக்கிறேன்.

இன்ஜினை நீளமான மூக்குக்குள் முன்னால் வைத்துவிடலாம். அப்படியானால் பின்னால் கண்ணாடிக்குக் கீழே இன்ஜின் வேண்டாம். அந்த இடம் காலியாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

முத்துக்கண்ணு, "அப்ப லேடர்தானுங்களா?" என்று கேட்டார்.

லேடர்தான் என்றேன்.

"மூணாவதுன்னு ஈரோட்டுல பாத்தீங்களே, அது?"

மூன்று நாளாக அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அது தொய்ந்துவிடும் என்றேன். அவர் ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார். பையனை அசைக்காமல் மெதுவாக ஆட்டினார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். இன்னும் பல நாள் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பால் இறங்குகிறது. எடை கூடவில்லை, குறையவும் இல்லை.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வேலையைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

சுகந்தியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கூட்டிவந்தேன். லிஃப்டில் அவள் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள், யாரோ பெரிய மனிதரைப் பார்க்கப் போகிற மாதிரி. எந்தப் பெட்டி என்று நான் காட்டினேன். ஸ்டெல்லா சிஸ்டர் எடுத்துக் கொடுக்க வந்தார். நான் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். தலைக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. இப்போது பழகிவிட்டது.

சுகந்தி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள், துடைத்துக்கொண்டாள், மறுபடி அழுதாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சிஸ்டர் சொன்னாங்க, நீங்க இவகிட்டப் பேசிட்டே இருப்பீங்களாம். என்ன பேசுனீங்க?" என்றாள்.

சேஸியைப் பற்றி என்றேன். நம்பவில்லை. முத்துக்கண்ணு பக்கத்து நாற்காலியிலிருந்து ஆமாம் என்றார். லேடர், நடுவில் இறக்குவது, இன்ஜின் முன்னால் போவது எல்லாம் சுகந்தியிடம் சொன்னேன். அவள் கணக்குப் போடுகிற மாதிரி கண்ணைச் சுருக்கிக் கேட்டாள். பின்னால் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்று கேட்டாள். ஒரு சின்ன சீட்டு வரும் என்றேன்.

"அப்ப ராஜாளி மாதிரி இருக்காது."

"இருக்காது."

குழந்தையின் தொப்பி நழுவியிருந்தது. இழுத்து விட்டாள்.

"ஓடுமில்லீங்க?"

ஓடும் என்றேன்.